பில் போடாத மா மூட்டை

ஒரு கடையை மூடுவதற்கு என்னென்ன பேப்பர் வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் சிவலிங்கம் கேட்ட முதல் கேள்வி இது. நுவரெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் ஆபீஸ். படியேறி வருகிறவர்கள் பொதுவாக மூச்சு வாங்கி, குளிரைத் திட்டி, ஒரு டீ குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். இவர் டீயே வேண்டாம் என்றுவிட்டார்.

கடையை மூடுகிறவர்களின் முகம் எனக்குப் பழக்கம். கணக்குப் பார்க்கிற தொழிலில் அது அடிக்கடி கண்ணில் படும். ஆனால் இவர் முகத்தில் அந்தத் துக்கம் இல்லை. கொஞ்சம் சங்கடம் மட்டும்தான் இருந்தது. விசாரித்தபோது புரிந்தது... மூடப் போவது அவருடைய கடையை இல்லை. அவருடைய தம்பி மனைவியின் கடையை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மிஸ், கடைப் பேர மட்டும் போட்டுராதீங்க" என்று ஒப்புதல் கிடைத்திருக்கிறது.)

கந்தப்பளை பஜாரில் அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பா காலத்தில் ஒரே கடை. அப்பா போன பிறகு மூன்று பிள்ளைகளும் அதை மூன்றாக விரித்தார்கள். மூத்தவர் சிவலிங்கத்துக்குப் பேக்கரி. நடுவுள்ளவருக்குப் பக்கத்திலேயே பலசரக்குக் கடை. கடைக்குட்டி ரமேஷுக்கு லொறி. ஐந்து வருடங்களுக்கு முன் நடுவுள்ளவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். பலசரக்குக் கடை அவர் மனைவி மலரின் பெயருக்கு மாறியது. மலர் அன்றிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். மகள் உயர்தர வகுப்புப் படிக்கிறாள்.

மூன்று தொழில், மூன்று பெயர். ஆனால் குடும்பம் ஒன்று. சமையல்கூட தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரே வீட்டில்தான்.

இதில் என்ன பிரச்சினை?

வரி அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் அதிகாரி கடைகளைப் பார்க்க வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினாராம். பேக்கரியில் பணிஸ் வாங்கினார். பக்கத்துக் கடையில் குளிக்கிற சவர்க்காரம் வாங்கினார். பேக்கரியில் சில்லறை இல்லாததால், இரண்டுக்கும் மிச்சக் காசு மலருடைய கல்லா லாச்சியிலிருந்தே வந்தது. வாசலில் நின்ற லொறியையும் பார்த்துவிட்டு, "ஒக்கொம எக்கய் நே?" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாராம். எல்லாம் ஒன்றுதானே என்று அர்த்தம். நம் சிவலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, ஆமாம், ஒரே குடும்பம் என்று சொல்லியிருக்கிறார். பெருமையாக!

ஒற்றுமையைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்லலாம். கேட்கிறவர் வரி அதிகாரியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு குடும்பம் நாலு தொழில் செய்வது தப்பில்லை. ஆனால் நிஜத்தில் ஒன்றாக நடக்கிற தொழிலைப் பெயரளவில் பிரித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால், எல்லாவற்றின் விற்பனையையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் வற் வரி, அதாவது VAT, கட்ட வேண்டிய எல்லைக்குக் கீழே. சேர்த்துப் பார்த்தால்... மேலே.

யாரோ சிவலிங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைக் குறைத்துவிட்டால் மொத்தம் கீழே வந்துவிடும் அல்லவா? எதைக் குறைப்பது? நஷ்டத்தில் ஓடுவதைத்தானே?

வருடக் கணக்குகளை மேசையில் வைத்தார். அவர் சொன்னது சரிதான். பேக்கரியில் நல்ல லாபம். லொறியில் சுமாரான லாபம். மலரின் கடையில் மூன்று வருடமாகத் தொடர்ந்து நஷ்டம். அந்தக் கணக்குகளைச் செய்தவர் வேறொருவர். வயதாகி ஓய்வு பெற்று மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார்.

"அவள நான் குறை சொல்லல மிஸ். பொம்பள புள்ளைய வச்சுக்கிட்டு அவளும் எவ்வளவுதான் பாப்பா? பேக்கரிதான் மூணு வீட்டையும் தூக்கி நிறுத்துது. மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு நாந்தான் குடுக்குறேன். கடைய மூடிட்டாலும் குடுப்பேன். அதுல குறை வைக்க மாட்டேன்."

இதை அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை என்று பிறகு மலரே சொன்னார். இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன சொல்வது? மூடுவதற்கு முன் கையிருப்புச் சரக்கைப் பார்க்க வேண்டும், நானே வருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம் போனேன். நல்ல பனி. கடை திறக்கிற நேரம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மலர் கடை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே மலர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசாதவர். நான் வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சரக்கெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். தன் கடையைத் தானே மூடுவதற்கு இவ்வளவு ஒழுங்காக ஏற்பாடு செய்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்வாசல் திறந்தது. பேக்கரியில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். "அக்கா, மா" என்றார். மலர் தலையை ஆட்டினார். அவர் ஒரு கோதுமை மா மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தார். இன்னொன்று. பிறகு சீனி. பிறகு மாஜரின் பெட்டி. யாரும் எதையும் எழுதவில்லை.

மலரிடம் இதற்கெல்லாம் பில் எங்கே என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அது நம்ம பேக்கரிதானே மிஸ்" என்றார்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். தினமும் இப்படித்தான். அவர் கணவர் இருந்தபோதும் இப்படித்தான். மாவை மொத்தமாக இறக்கிக் காசு கட்டுவது மலர் கடை. எடுத்து பாண் சுட்டு விற்பது பேக்கரி. இரண்டு கடைக்கும் கரண்ட் மீட்டர் ஒன்றுதான், அதுவும் மலர் கடைப் பெயரில். பேக்கரியின் குளிர்ப்பெட்டியும் மா பிசைகிற மெஷினும் ஓடுவது அதில்தான். ரமேஷின் லொறிக்கு அவசரமாக டயர் வேண்டுமென்றாலும் இந்த லாச்சிதான். பதிலுக்கு ரமேஷ் காலையில் தோட்டங்களுக்குப் பாண் கொண்டுபோய் இறக்குகிறார். அதற்கும் கூலி கிடையாது.

இதில் ஒளிவுமறைவு எதுவுமே இல்லை. பஜாரே பார்க்கத் தினமும் நடக்கிற காரியம். ஒருவர்கூட அதற்கு விற்பனை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரக்கு எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பேக்கரிக்குப் போனேன். சிவலிங்கம் பாண் சுடும் போறணைக்குப் பக்கத்தில் நின்றார். அவரை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வாரத்துக்கு எத்தனை மூட்டை மா போகும்? டக்கென்று சொன்னார். சீனி? சொன்னார். மாஜரின்? அதையும் சொன்னார். தொழில் தெரிந்தவர். இதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

இன்றைக்கு நுவரெலியாவில் ஒரு மூட்டை மா என்ன விலை என்று கேட்டேன்.

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். தெரியவில்லை. பல வருடமாக அவர் மாவுக்கு விலை கேட்டதே இல்லை. அவருக்கு மா என்பது பின்வாசலைத் திறந்தால் இருக்கும் பொருள். தண்ணீர் மாதிரி.

"மலரு கடைய மூடினா மா எங்கேருந்து வரும் அண்ணன்?" என்று மட்டும் கேட்டேன்.

சிவலிங்கம் வெந்த பாணை வெளியே இழுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

ஆபீசுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரே குடும்பத்தின் தொழில்களுக்குள் சரக்கு போனாலும், வெளியாளுக்கு விற்றால் என்ன விலையோ அந்த விலையில் அதை எழுத வேண்டும். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. மாவுக்கு விலை போட்டேன். கரண்டைப் பிரித்தேன். லொறிக்குக் கூலி போட்டேன். எல்லாம் முடிந்தபோது மலர் கடையில் லாபம் நின்றது. பெரிய லாபம் இல்லை... ஆனால் ஒரு குடும்பம் யாரிடமும் கை நீட்டாமல் வாழக்கூடிய லாபம். பேக்கரியில்? வரவும் செலவும் தட்டுத்தடுமாறிச் சமமாகி நின்றன.

மாதாமாதம் சிவலிங்கம் கொடுத்து வந்த வீட்டுச் செலவு இருக்கிறதே... அது மலருடைய காசுதான். கொடுத்தவருக்கும் தெரியாது. கூனிக் குறுகி வாங்கியவருக்கும் தெரியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேக்கரியில் இல்லாத லாபத்துக்கு சிவலிங்கம் வருமான வரியும் கட்டியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற வரி விலக்கு மலருக்கும் உண்டு. நஷ்டக் கணக்கில் அது மூன்று வருடமாகச் சும்மா கிடந்தது.

நல்ல செய்தி சொல்லப் போகிற சந்தோஷத்தில்தான் சிவலிங்கத்தைக் கூப்பிட்டேன். பாருங்கள், கணக்குத் தெரிந்தவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். அன்று அது நிரூபணமானது.

அவர் பேப்பரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் தம்பி பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிட்டேங்குறீங்க" என்றார்.

அப்படிச் சொல்லவில்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். பேக்கரி நன்றாகத்தான் நடக்கிறது, பாண் விலையைச் சரியாக வைத்தால் லாபம் வரும் என்றேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அது அப்பா கட்டிய போறணை. மூத்த பிள்ளை என்று நம்பி அப்பா கையில் கொடுத்தது. மூன்று வீட்டையும் தான்தான் சுமக்கிறோம் என்ற நினைப்பில்தான் அவர் விடியற்காலையில் எழுந்து மா பிசைந்துகொண்டிருந்தார். அதை நான் ஒரு பக்கத் தாளில் பிடுங்கிவிட்டேன். எழுந்து, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. போன் எடுக்கவில்லை.

வந்தது மலர். கடையை ரமேஷிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தார். மரக்கறிப் பையில் எனக்கு லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்திருந்தார். முகம் வாடியிருந்தது. வீட்டில் பெரிய மாமா பேசுவதில்லையாம். கணவரின் அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பின்வாசல் பூட்டிக் கிடக்கிறதாம். மாதச் செலவுக் காசை ரமேஷிடம் கொடுத்து அனுப்பினாராம், மலர் வாங்கவில்லையாம். அக்காவும், அதாவது சிவலிங்கத்தின் மனைவியும், கோயிலில் கண்டும் காணாத மாதிரிப் போனாராம்.

"பழைய மாதிரியே எழுதிருங்க மிஸ்" என்றார். "நான் நஷ்டமாவே இருந்துட்டுப் போறேன்."

இந்தத் தொழிலில் லாபத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறவர்களைத் தினம் பார்க்கிறேன். வரிக்குப் பயந்து கேட்பார்கள். தன் உழைப்பையே இல்லையென்று எழுதச் சொல்லி ஒருவர் கேட்டது அன்றுதான்.

கடையை மூடுவது பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் குனிந்துகொண்டார். கடை போனால் தாங்காது என்றார். அவர் கணவர் போன பிறகு, காலையில் எழுந்திருக்கக் காரணமாக இருந்ததே அந்தக் கடைதானாம். நஷ்டம் நஷ்டம் என்று கேட்டுக் கேட்டு, தனக்குத்தான் வியாபாரம் வரவில்லை என்று நினைத்தாராம். ராத்திரிச் சாப்பாட்டில்கூட மிச்சம் பிடித்தாராம். ஆனால் மாமாவுக்குப் பில் போட்டால் ஊர் என்ன சொல்லும்? புருசன் போனதும் கணக்குப் பிரித்துவிட்டாள் என்று சொல்லாதா?

இதைத்தான் எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. நமக்குப் பில் என்பது வெளியாளுக்குப் போடுவது. சொந்தக்காரருக்குப் பில் நீட்டினால், நீ எனக்கு வெளியாள் என்று சொன்ன மாதிரி.

பொய்யாக எழுத முடியாது, என் கையெழுத்து அதில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். பில் போடுவது பாகம் பிரிப்பது இல்லை என்றும் சொன்னேன். யார் எதைச் சுமக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தால்தான் இந்தக் குடும்பம் ஒன்றாக இருக்க முடியும், தெரியாததால்தானே உங்கள் கடையை மூட வந்தார்கள் என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. மரக்கறிப் பையை வைத்துவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து ரமேஷ் போன் செய்தார். அவர் சொல்லித்தான் மீதி தெரியும்.

சிவலிங்கம் ரோஷக்காரர். மலர் கடை மா இல்லாமலே பேக்கரியை நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். ரமேஷை லொறி எடுக்கச் சொல்லி, நுவரெலியாவில் ஒரு மொத்த வியாபாரியிடம் போயிருக்கிறார்கள். விலை கேட்டதும் அண்ணன் முகம் போன போக்கை ரமேஷ் சிரிக்காமல் சொல்ல மிகவும் முயன்றார். கடன் கேட்டாராம். புதிய ஆளுக்குக் கடன் இல்லை, காசை வைத்துவிட்டுத் தூக்குங்கள் என்றாராம் முதலாளி. அப்புறம் ஒரு வார்த்தை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கந்தப்பளையில் ஒரு அம்மா கடை நடத்துகிறார், அவருக்கு மட்டும் போனில் சொன்னாலே சரக்கு அனுப்புவேன், சொன்ன தேதியில் காசு வரும் என்று.

அந்த அம்மா யார் என்று இவர்கள் சொல்லவில்லை.

கையிலிருந்த காசுக்கு ஏற்ற மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்களாம். ராகலை ரோட்டுப் பனியில் லொறி ஊர்ந்து போனபோது சிவலிங்கம், "நம்ம நடுவுலவன் போனப்பறம் இவளே தனியா பேசி இவ்வளவு பேர் வாங்கியிருக்கா, எனக்குத் தெரியலயே தம்பி" என்றாராம்.

அந்த மா தீர்ந்த அன்று காலையில் அவர் மலர் கடைக்குப் போயிருக்கிறார். பின்வாசலால் போகவில்லை. முன்வாசலில், சாமான் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, மற்றவர்களோடு நின்றிருக்கிறார். அவர் முறை வந்ததும் மா என்ன விலை என்று கேட்டிருக்கிறார். மலர் எழுந்து நின்றுவிட்டாராம். மாமாவுக்கு வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னாராம்.

"வேணாம் மலரு. மத்தவங்களுக்கு என்ன வெலையோ அதுக்கே போடு. பில்லையும் குடு."

கொடுத்தார். பஜார் பார்த்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை... பாகம் பிரித்தவர்கள் இப்படி முகம் பார்த்து மா வாங்க மாட்டார்கள் என்று பஜாருக்குத் தெரியாதா?

கடை மூடவில்லை. மூன்று பேரும் ஒன்றாக என் ஆபீசுக்கு வந்தார்கள். இந்த முறை டீ குடித்தார்கள். மூன்றையும் ஒரே கம்பனியாக்கலாம், இல்லையென்றால் மூன்றாகவே வைத்து ஒழுங்காகப் பில் போட்டு நடத்தலாம் என்று இரண்டு வழியையும் சொன்னேன். மூன்றாகவே இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர் சிவலிங்கம். கரண்ட் மீட்டர் பிரிந்தது. திருத்திய கணக்குகளைக் கொடுத்தோம். நடந்ததை மறைக்காமல் எழுதினோம். இத்தனை வருடம் ஒன்றாக ஓடியதால் வற் வரிக்கும் பதிவு செய்தோம். பழைய பாக்கி என்று வந்ததைத் தவணையில் கட்டுகிறார்கள். வலிக்கத்தான் செய்கிறது. சிவலிங்கம் ஆசைப்பட்ட புதிய போறணைக்கு வங்கி கடன் தரவில்லை, பேக்கரியின் உண்மையான கணக்கு அதற்குப் போதவில்லை. பாண் விலையைக் கொஞ்சம் ஏற்றி, வீணாகும் பணிஸைக் குறைத்து, அவர் சமாளித்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி மலரிடம் பேசத் தொடங்கிவிட்டார். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறார்.

மலர் மாதச் செலவுக் காசு வாங்குவதில்லை. மகளை நுவரெலியாவுக்கு டியூஷன் அனுப்புகிறார்.

போன வாரம் கந்தப்பளைக்கு மறுபடி போனேன், அரையாண்டுக் கணக்குக்காக. வேலை முடிந்ததும் மலர் என்னை பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டார். இப்போது கொஞ்சம் பேசுகிறார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"நுவரெலியால உங்க அண்ணன் பார்மசிக்கும் நீங்கதானே மிஸ் கணக்குப் பாக்குறீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவருக்குப் பில் போடுறீங்களா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.